மலைப் பாதையிலும் தீவுச் சாலையிலும் மின்சாரக் கார்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் வடிவம்)



இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடுமிடத்தில் தாண்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகப் போகிறது. இங்குள்ள பெட்ரோல் நிலையத்தின் அருகே ஓர் அறிவிப்புப் பலகை நெடுங்காலம் நின்றது. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது என்பதே அதன் செய்தி. அப்பலகையைக் கண்ட லாரி ஓட்டுநர் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவார். போதாதென்று டின்களிலும் எண்ணெய் வாங்கி வண்டியில் கட்டிக்கொள்வார். அந்த ஒரு வரி அறிவிப்பு, எத்தனையோ வண்டிகளை நடுவழியில் நிற்காமல் காத்திருக்கிறது.

இன்று அதே சாலையில் மின்சாரக் கார்களும் ஏறத் தொடங்கியிருக்கின்றன. இவற்றின் ஓட்டுநருக்கு ஒரு வசதி இல்லை: மின்சாரத்தை டின்னில் அடைத்துக் கொண்டு செல்ல இயலாது. பாட்டரியில் உள்ளது தீர்ந்தால், வழியில் ஏதேனும் ஓர் ஊரின் மின்கம்பியைத்தான் நாட வேண்டும். அந்த ஊர் தன் தேவைக்கே சிறிதளவு மின்சாரம் பெறும் ஊராக இருக்கலாம். ஆதலால், தொலைதூரப் பகுதிகளிலும் தீவுகளிலும் மின்சாரக் காரில் செல்வதற்குத் திட்டமிடுவது, பயணியின் சொந்த விவகாரமாக முடிந்துவிடுவதில்லை. அது அவ்வூரின் மின்சாரத்தில் பங்கு கேட்கும் செயலாகும். அந்தப் பங்கு எவ்வளவு, எந்த நேரத்தில், எந்த மூலத்திலிருந்து என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பயணமும் சரி, அரசின் திட்டமும் சரி, நல்ல முறையில் அமையும். இதனை இரண்டு சாலைகளைக் கொண்டு விளக்கலாம். ஒன்று மணாலி-லே சாலை. மற்றொன்று அந்தமான் நெடுஞ்சாலை.

அளவைகளும் நேரமும்

முதலில் இரண்டு அளவைகளை வேறுபடுத்திக் கொள்வது அவசியம். கிலோவாட் என்பது மின்சாரம் பாயும் வேகத்தைக் குறிப்பது. யூனிட் என்று மக்கள் வழங்கும் கிலோவாட் மணி, பாய்ந்த மொத்தத்தைக் குறிப்பது. குழாயின் பருமனும் குடத்தின் கொள்ளளவும் போன்றவை இவை. நாட்டில் விற்பனையாகும் நடுத்தர மின்சாரக் கார்களின் பாட்டரிகள் ஏறக்குறைய 30 முதல் 80 யூனிட் வரை கொள்ளக்கூடியவை. சமவெளிச் சாலையில் நிதானமாகச் செல்லும் கார், 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் செலவழிக்கும்.

40 யூனிட் பாட்டரி ஒன்றை நிரப்புவதற்கு மூன்று வழிகள் உண்டு. வீட்டிலோ விடுதியிலோ உள்ள 16 ஆம்பியர் மின்செருகியில் இணைத்தால் சுமார் 3 கிலோவாட் கிடைக்கும்; பாட்டரி நிரம்பப் பதினான்கு மணி நேரம் ஆகும். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் கருவியானால் ஆறு மணி நேரம் போதும். நேர்மின்சாரம் தரும் 50 அல்லது 60 கிலோவாட் விரைவு நிலையமானால், ஒரு மணி நேரத்திற்குள் பாட்டரியின் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பும். நகரத்துப் பயணி மூன்றாவது வழியையே விரும்புவார். ஆனால் தொலைதூர ஊர்களில் அந்த வழி எளிதில் கிட்டுவதன்று. அதற்கான காரணம் ஊர்க்கோடியில் கம்பத்தின்மேல் அமர்ந்திருக்கிறது.

நாட்டுப்புறங்களில் பரவலாகக் காணப்படும் மின்மாற்றிகளுள் ஒரு வகை 25 கிலோவோல்ட்-ஆம்பியர் திறன் கொண்டது. சிற்றூர் ஒன்றின் விளக்குகள், விசிறிகள், மாவரைக்கும் பொறி அனைத்தும் அதைக் கொண்டே இயங்குகின்றன. 60 கிலோவாட் விரைவு நிலையம் ஒன்று, ஊர் முழுவதற்குமான அந்த மின்மாற்றியின் திறனைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட சுமையைத் தனியே கேட்கும். எனவே விரைவு நிலையம் அமைப்பது என்பது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதோடு முடியும் வேலையன்று. உயர் அழுத்தக் கம்பி, தனி மின்மாற்றி, அவற்றைப் பராமரிக்கும் ஆள் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பணியாகும்.

மலைப் பாதையின் கணக்கு

மணாலி-லே சாலையில் 2020 அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, சுமார் 9 கிலோமீட்டர் நீளமுடையது. பயணத் தொலைவில் 46 கிலோமீட்டரைக் குறைத்தது. சுரங்கத்தைத் தாண்டினால் தாண்டி, கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா ஆகிய ஊர்கள் வருகின்றன. அதன்பின் நிலையான ஊர் என்று சொல்லத்தக்கது நெடுந்தொலைவுக்கு இல்லை. சார்ச்சுவும் பாங்கும் கோடைக்காலத்தில் பயணிகளுக்காகக் கூடாரங்கள் எழும் இடங்கள். பனி விழத் தொடங்கியதும் கூடாரக்காரர்கள் இறங்கிப் போய்விடுவர்.

கேலாங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பாரலாச்சா கணவாய் ஏறக்குறைய 4,900 மீட்டர். லாச்சுலுங் கணவாய் 5,000 மீட்டருக்குச் சற்று மேல். டாங்லாங் கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். இடையிடையே சாலை இறங்கி மீண்டும் ஏறுகிறது. ஏற்றங்கள் அனைத்தையும் கூட்டினால் 3,400 மீட்டர் அளவு வரும்.

மாணவர்கள் இதனைப் பள்ளிப் பௌதிகத்தைக் கொண்டே கணக்கிடலாம். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து 2 டன் எடையுள்ள கார், 1,000 மீட்டர் உயரம் ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்தரை யூனிட் தேவை. மோட்டாரிலும் பல்சக்கரங்களிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் ஆறு யூனிட் ஆகும். ஆக, 3,400 மீட்டர் ஏற்றத்திற்கு மட்டும் 20 யூனிட் செலவு. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, செலவழித்ததில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பாதிக்கு மேல் திரும்பும் என்று கொண்டாலும் சுமார் 10 யூனிட் கிடைக்கும். கேலாங்கிலிருந்து லே வரை ஏறக்குறைய 360 கிலோமீட்டர். சமவெளிக் கணக்கின்படி 54 யூனிட். ஏற்றத்தின் நிகரச் செலவைச் சேர்த்தால் 64 யூனிட்.

இந்தத் தோராயக் கணக்கில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. மிகப் பெரிய இறக்கம் பயணத்தின் இறுதியில்தான் வருகிறது. டாங்லாங் கணவாயை அடைவதற்குள் 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிவிடும். திருப்பிக் கிடைக்கும் பெரும்பங்கு அதன் பிறகே வந்து சேரும். சராசரியை மட்டும் நம்பிப் புறப்படுபவர், கணவாய்க்குச் சற்று முன்னால் நின்றுவிடக்கூடும். இந்தச் சாலையில் மொத்தக் கணக்கைவிட, எந்த இடத்தில் எவ்வளவு மிச்சம் என்னும் கணக்கே முக்கியம்.

குளிரும் கணக்கில் சேர வேண்டும். லித்தியம்-அயனி பாட்டரி கடுங்குளிரில் முழு அளவு மின்சாரத்தைத் தராது. மின்னேற்றமும் மெதுவாகவே நடைபெறும். காருக்குள் வெப்பமூட்டவும் பாட்டரியே மின்சாரம் தர வேண்டும். மறுபுறம், உயர்ந்த இடங்களில் காற்று மெலிதாக இருப்பதால் காரின்மீது காற்றின் தடை குறைகிறது. பிராணவாயு குறைவினால் பெட்ரோல் என்ஜின் திணறும் உயரத்திலும் மின்மோட்டார் தன் வலிமையை இழப்பதில்லை. ஆகவே மலை, மின்சாரக் காருக்குப் பகையான இடமன்று. கணக்கின்றிச் செல்பவருக்கே பகையான இடம்.

கம்பி வந்த கதை

லடாக்கிற்கு மின்சாரம் வந்த வரலாற்றையும் இங்கே நினைவுகூர்வது தகும். நீண்ட காலம் லே நகரம் டீசல் ஜெனரேட்டர்களையும் சிறு புனல் மின்நிலையங்களையும் நம்பியிருந்தது. சிந்து நதியின்மீது நிமூ-பாஸ்கோவில் 45 மெகாவாட், கார்கில் அருகே சூத்தக்கில் 44 மெகாவாட் என்னும் இரு புனல் மின்நிலையங்கள் 2014 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லே வரை செல்லும் 220 கிலோவோல்ட் மின்தொடர், 2019 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பின்னரே லடாக், தேசிய மின்தொகுப்பின் ஒரு பகுதியாயிற்று. லே நகரில் நின்று காருக்கு மின்னேற்றம் செய்பவர், இத்தனை ஆண்டு உழைப்பின் பயனைத் துய்க்கிறார்.

ஆனால் அந்தத் தொடர் மணாலிச் சாலையின் வழியே வரவில்லை. அதே சாலையிலுள்ள பாங்கில் 13 ஆயிரம் மெகாவாட் அளவுக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தி செய்து, அரியானாவின் கைத்தல் வரை கொண்டுசெல்லும் மின்தொடர்த் திட்டத்திற்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அத்தகைய பெருந்திட்டம் அமையும்போது, அவ்வழியிலுள்ள கூடாரக்காரருக்கும் ஓட்டுநருக்கும் சில கிலோவாட்டுகளை ஒதுக்குவது செலவு மிகுந்த காரியமன்று. திட்ட வரைவிலேயே அது இடம்பெற வேண்டும் என்பதுதான் கருதத்தக்கது. பின்னர் சேர்க்க நினைத்தால், ஒவ்வொரு கம்பத்திற்கும் தனிக் கோப்பு நகர வேண்டியிருக்கும்.

பக்கத்துப் பள்ளத்தாக்கான ஸ்பிதியில் 2021 செப்டம்பரில் காஜா என்னும் ஊரில் ஒரு மின்னேற்று நிலையம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்திலுள்ள அது, உலகிலேயே மிக உயரமான நிலையம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. உயரம் என்பது பெருமைக்குரிய எண் மட்டுமன்று. மின்கருவிகள் பொதுவாக 2,000 மீட்டர் உயரத்திற்கு உட்பட்ட இடங்களுக்கென வடிவமைக்கப்படுகின்றன. காற்று மெலிந்த இடத்தில் கருவி எளிதில் குளிர்வதில்லை. மின்காப்பும் வலுக் குறைகிறது. ஆதலால் மலைக்கு வாங்கும் கருவியின் திறன், சமவெளிக் கருவியின் அளவுகோலால் மதிப்பிடப்படக் கூடாது. ஒப்பந்தப் புள்ளி கோரும் அலுவலர்கள் இதனைக் கருத்திற்கொள்வது நலம்.

தீவுச் சாலையின் கட்டுப்பாடு

மலையில் தடையாக நிற்பது உயரம் என்றால், அந்தமானில் தடையாக நிற்பவை கடலும் காடும் ஆகும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. நீளத்தை மட்டும் பார்த்தால், பெரிய பாட்டரியுள்ள கார் ஒரே மின்னேற்றத்தில் கடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இச்சாலையின் இயல்பு வேறு.

ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலை, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புநிலத்தின் வழியே போகிறது. அம்மக்கள் சில நூறு பேரே உள்ளனர். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அவர்களைக் காக்கிறது. சாலையின் இப்பகுதியை மூட வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. எனினும் குறிப்பிட்ட நேரங்களில் காவல் துணையுடன் வண்டிகள் வரிசையாகச் செல்லும் முறையில் சாலை தொடர்ந்து பயன்பட்டு வருகிறது. வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது; முந்தக் கூடாது; படம் எடுக்கக் கூடாது.

இத்தகைய சாலையில் பாட்டரி தீர்ந்து ஒரு கார் நிற்குமானால், அது பயணியின் சங்கடத்தோடு முடிவதில்லை. வரிசை முழுவதும் தடைபடும். நிற்கக் கூடாத இடத்தில் வெளியார் நிற்க நேரும். காக்கப்பட வேண்டிய மக்களின் வாழ்விடத்தில் மீட்பு வண்டியும் ஆட்களும் வந்து கூடுவர். பெரும்பாலான மின்சாரக் கார்களைச் சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்லக் கூடாது என்பதால், அவற்றை ஏற்றிச் செல்லத் தட்டையான தளமுடைய லாரி தேவைப்படும். ஆகவே காப்புநிலத்திற்குள் நுழையும்போது, அதைக் கடப்பதற்குத் தேவையானதைப்போல் இரு மடங்கு மின்சாரம் பாட்டரியில் இருப்பது நல்ல விதி. சாவடியில் ஆவணங்களைச் சரிபார்ப்பதோடு பாட்டரியின் அளவையும் கேட்டறிவது, நிர்வாகம் மேற்கொள்ளத்தக்க எளிய நடவடிக்கை. பாராடாங் தீவுக்குக் கடல் வழியாகச் செல்லும் மாற்று ஏற்பாடு 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. காரை விட்டுவிட்டுப் படகில் செல்வதும் திட்டமிடுதலில் ஒரு விடையே.

டீசல் கேள்வி

இனி, முதன்மையான வினாவுக்கு வரலாம். அந்தமானின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தீவுகள் தேசிய மின்தொகுப்போடு இணைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு தீவுப் பகுதியும் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து கிடைக்கிறது. அந்த டீசலோ நிலப்பகுதியிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டரிலிருந்து ஏறக்குறைய மூன்றரை யூனிட் உற்பத்தி செய்யும். கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவழிக்கிறது. மின்னேற்றத்தின்போது பத்தில் ஒரு பங்கு வெப்பமாக இழக்கப்படும். கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் அதே அளவு இழப்பு என்று கொள்ளலாம். அப்படியானால் மின்நிலையம் பதினெட்டு யூனிட்டுக்கு மேல் உற்பத்தி செய்ய வேண்டும். அதற்கு ஐந்து லிட்டருக்குச் சற்று அதிகமான டீசல் எரிய வேண்டும். கணக்கைத் திருப்பிப் பார்த்தால், லிட்டருக்கு 19 கிலோமீட்டர். சிக்கனமான சிறிய டீசல் கார் ஒன்றும் ஏறக்குறைய இதே தொலைவு ஓடும்.

அதாவது, முழுவதும் டீசலில் இயங்கும் தீவில் மின்சாரக் கார் புகையை ஒழிப்பதில்லை. காரின் பின்புறத்திலிருந்து மின்நிலையத்தின் புகைபோக்கிக்கு அதை மாற்றுகிறது. தெருவில் புகையும் ஓசையும் குறைவது நன்மைதான். ஆனால் கப்பலில் வரும் எண்ணெய் குறையவில்லை. அந்நியச் செலாவணியும் மிச்சமாகவில்லை. மின்சாரக் காரின் உண்மையான பயன், அத்தீவின் மின்சாரம் சூரியனிடமிருந்தோ நீரிலிருந்தோ வரத் தொடங்கும் அளவுக்கே கிட்டும்.

அந்த மாற்றம் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. வட அந்தமானில் திக்லிபூர் அருகே கல்பாங் ஆற்றின்மீது ஐந்தே கால் மெகாவாட் புனல் மின்நிலையம் 2001-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த என்.எல்.சி. நிறுவனம், தென் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட் மணி பாட்டரித் தொகுப்புடன் 2020-ஆம் ஆண்டில் நிறைவு செய்தது. 8 மெகாவாட் மணி என்பது 8,000 யூனிட். 40 யூனிட் கார்ப் பாட்டரிகள் 200-ஐ நிரப்பும் அளவு. ஆனால் அத்தொகுப்பு கார்களுக்காக வைக்கப்பட்டதன்று. மேகம் மறைக்கும்போது ஊருக்கு மின்சாரம் தடைபடாமல் காப்பதே அதன் பணி. இலட்சத்தீவுகளில் கவரத்தியில் பாட்டரியுடன் கூடிய சூரிய மின்நிலையம் 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மினிக்காய் போன்ற தீவின் நீளமே பத்துக் கிலோமீட்டர் அளவுதான். அங்கே ஒரு மின்னேற்றம் பல நாள் போதும். தொலைவு ஒரு பிரச்சினையே அன்று. மின்சாரத்தின் மூலம் எது என்பது மட்டுமே அங்கு எஞ்சும் வினா.

நேரம் என்னும் வளம்

மூலத்தோடு நேரமும் இணைந்தது. சிறு தீவிலும் மலையூரிலும் மின்சுமை உச்சத்தை அடைவது அந்தி சாய்ந்த பின்னர். விளக்குகள் எரியும் நேரம், அடுப்படி வேலை நடக்கும் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம் அதுவே. விடுதிக்கு மாலையில் வந்து சேரும் பயணியும் அதே நேரத்தில்தான் காரைச் செருகியில் இணைப்பார். 7 கிலோவாட் வீதம் பத்துக் கார்கள் இணைந்தால் 70 கிலோவாட். சிறிய மின்நிலையத்தில் அதற்காகவே இன்னொரு டீசல் பொறியை இயக்க வேண்டியிருக்கும். இயலாவிட்டால் ஊரில் விளக்கு மங்கும். விருந்தினர் வண்டிக்காக வீட்டுப் பிள்ளையின் விளக்கு அணைவது எந்த வளர்ச்சித் திட்டத்திற்கும் அழகன்று.

இதற்குத் தீர்வு எளிது: பகலில், வெயில் நேரத்தில் மின்னேற்றம் செய்வது. நுகர்வோர் உரிமைகள் குறித்த மின்சார விதிகளில் 2023-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்னும் கொள்கையை ஏற்படுத்தியது. பயணியின் திட்டமும் இக்கொள்கைக்கு இசைய அமைய வேண்டும். காலையில் பயணம், நண்பகலில் நிறுத்தம், பிற்பகலில் மீண்டும் பயணம் என்று நாளைப் பிரித்துக்கொண்டால், ஊரின் விளக்குக்கும் காரின் பாட்டரிக்கும் போட்டி எழாது.

பள்ளிக்கூடம் அல்லது ஊராட்சிக் கட்டிடம் ஒன்றின் கூரையில் 100 சதுர மீட்டர் இடம் இருந்தால், 10 கிலோவாட் சூரியத் தகடுகள் பொருத்தலாம். நல்ல வெயில் நாளில் அது 40 யூனிட் அளவு தரும். மழை மிகுந்த அந்தமானில் ஆண்டுச் சராசரி இதைவிடக் குறையும். 35 யூனிட் கிடைக்கும் ஒரு நாளில், ஒரு கார் 200 கிலோமீட்டர் செல்வதற்கான மின்சாரம் அக்கூரையிலேயே விளைந்துவிடுகிறது. கார் வராத நாளில் அது பள்ளிக்கும் ஊருக்கும் பயன்படும்.

பயணி செய்ய வேண்டியவை

பயணி, தம் காரின் தொலைவைக் கம்பெனி விளம்பரத்தில் காணும் எண்ணைக் கொண்டு கணக்கிடாமல், ஏற்றம், குளிர், சுமை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டரியில் நான்கில் ஒரு பங்காவது எஞ்சும்படி நிறுத்தங்களை வகுக்க வேண்டும். ஒரு நிலையம் பழுதாகியிருந்தால் அடுத்ததை அடைய முடியுமா, அல்லது வந்த வழியே திரும்ப முடியுமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கும் விடுதியை முன்னரே தொடர்புகொண்டு மின்செருகியும் நல்ல நிலஇணைப்பும் உண்டா என்று கேட்பது அவசியம். நிலஇணைப்பு சரியில்லாவிட்டால் கார்க் கருவி மின்சாரத்தை ஏற்க மறுக்கும். கூடார முகாம்களின் சிறு ஜெனரேட்டர்களில் இது அடிக்கடி நேரக்கூடியது. பழைய கம்பிகள் உள்ள கட்டிடத்தில், கருவியின் ஆம்பியரைக் குறைத்து வைத்து இரவு முழுவதும் மெதுவாக ஏற்றுவதே பாதுகாப்பானது. பயன்படுத்திய மின்சாரத்திற்கு உரிய விலையைக் கொடுப்பதும் பயணியின் கடமை.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

மின்னேற்று நிலையம் நடத்துவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்றன. பின்னர் அவை மேலும் திருத்தப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடான 10,900 கோடி ரூபாயில், 2,000 கோடி ரூபாய் பொது மின்னேற்று நிலையங்களுக்கென வகுக்கப்பட்டது.

கொள்கையும் பணமும் உள்ளன. ஆனால் கிலோமீட்டரை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் மலையும் தீவும் அதற்குள் அடங்குவதில்லை. ஆள் இல்லாத சமவெளியில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என நிறுத்துவதைவிட, கணவாய் ஏற்றத்திற்கு முன்னும் பின்னும், சாவடிக்கு முன்னும் பின்னும், படகுத்துறையிலும் ஒவ்வொன்று அமைத்துப் பழுதின்றி வைத்திருப்பது மேல். ஓரிடத்தில் பெரிய கருவி ஒன்று வைப்பதைவிட, சிறிய கருவிகள் இரண்டு வைப்பது நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று உதவும். கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத இடத்திலும் கருவி இயங்க வேண்டும். பணம் செலுத்த ரொக்கமோ அட்டையோ ஏற்கப்பட வேண்டும். தீவுகளில் உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிப்பதால், பராமரிப்புச் செலவைத் தொடக்க மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். உள்ளூர் இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ. மூலம் இப்பராமரிப்பில் பயிற்சி அளித்தால், பழுது பார்க்க நிலப்பகுதியிலிருந்து ஆள் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க நேராது.

இவை அனைத்திலும் முதன்மையான ஒன்று உண்டு. மின்னேற்று நிலையம் ஆண்டில் சில மாதங்கள் வந்து போகும் பயணிகளுக்காக மட்டும் அமையக் கூடாது. அவ்வூரின் மருத்துவ ஊர்தி, அரசுப் பேருந்து, வாடகைக் கார், மீன் ஏற்றும் சிறு வண்டி ஆகியவை ஆண்டு முழுவதும் அதைப் பயன்படுத்த வேண்டும். உள்ளூர்ப் பயன்பாடு உள்ள நிலையம் பராமரிக்கப்படும். பயணிக்காக மட்டும் நிறுவிய நிலையம் அடுத்த கோடையில் துருப்பிடித்து நிற்கும்.

தாண்டியின் பலகை ஒரே ஒரு செய்தியைச் சொன்னது. அதுவே அன்றைய பயணத்திற்குப் போதுமானதாக இருந்தது. இனி தொலைதூரச் சாலைகளில் நிறுத்த வேண்டிய பலகைகள் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: அடுத்த நிலையம் எத்தனை கிலோமீட்டர், அங்கே எத்தனை கிலோவாட் கிடைக்கும், அந்த மின்சாரம் சூரியனுடையதா, நீருடையதா, டீசலுடையதா, எந்த நேரத்தில் எடுத்துக்கொண்டால் ஊருக்கு இடையூறு இராது. இந்த நான்கையும் எழுதுவதற்கு ஒரு தகடும் சிறிது வர்ணமும் போதும். ஆனால் நேர்மையாக எழுத வேண்டுமானால், மின்துறை, போக்குவரத்துத் துறை, சுற்றுலாத் துறை, ஊராட்சி ஆகிய நான்கும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருக்க வேண்டும். அப்பேச்சு முதலில் நடைபெறட்டும். பலகை தானே எழும்.